லிஸ்பனில் ஒரு நாலாவது ஆள்

1

காலையிலிருந்து இந்தக் குறிப்பை எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். காய்ந்த துணியை மடித்தேன். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தேன். "குட்டி போட்ட பூன மாதிரி ஏன் இப்பிடி அலையிற? கொஞ்ச நேரம் உக்காரேன்" என்று சோபாவில் இருந்தபடியே என் கணவர் சொல்கிறார். அடுத்த வாரம் ஆபரேஷன் அவருக்குத்தான். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறார். அலைவது நான்.

நான் சின்னமனூர்க்காரி. கட்டிக்கொடுத்தது மார்க்கையன்கோட்டையில். அங்கிருந்து நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது. இவர் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பார்க்கிறவர். தேனியில் காய்கறி வைக்கிற கிடங்கில் ஆரம்பித்தவர், இங்கே கப்பலில் வந்து இறங்கும் பழங்களுக்குக் குளிர் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள், நிவேதா. ஐந்து வயதில் எங்களோடு வந்தவள். இப்போது வேறு ஊரில் வேலைக்குப் போகிறாள். அழுக்குத் துணி சேர்ந்தால் அம்மா ஞாபகம் வந்து வீட்டுக்கு வருவாள்.

போன வருடக் கடைசியில் இவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இந்த நாட்டில் எதற்கும் ஒரு முறை உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனாலும் முதலில் குடும்ப மருத்துவர்தான். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் போனில் ஒரு அம்மாளிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டு பாராசிட்டமால் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். நம் ஊராக இருந்தால் காலையில் மதுரை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் எல்லா டெஸ்டும் எடுத்து ஆளைப் பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள். இங்கே பயமுறுத்தவே பல மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் இருதய மருத்துவரைப் பார்க்கப் போனபோது நிவேதாவும் வந்தாள். என்னுடைய டச்சு மொழி சமையலறைக்குப் போதும், இருதயத்துக்குப் போதாது. சின்ன வயதிலிருந்தே பள்ளிக்கூடம், பேங்க், வீட்டு வாடகை எல்லாவற்றுக்கும் அவள்தான் எங்கள் வாய். மருத்துவர் நீளமாகப் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள். வால்வுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்பா நெஞ்சுக்குள்ள ஒரு கதவு இருக்காம். அது சரியா சாத்த மாட்டேங்குதாம். அதை மாத்தணுமாம்."

"வேற என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்" என்றாள். அவர் அவ்வளவு நேரம் பேசியதற்கு இது ரொம்பக் குறைச்சல். எனக்கு அப்போதே தெரியும். ஆனால் மேலே கேட்கத் தைரியம் வரவில்லை.

ஊருக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது இவருடைய உத்தரவு. "அக்காட்ட சொல்லிராத. அங்கன உக்காந்து அழுதுக்கிட்டே கெடப்பாக. வரவும் முடியாது, பாக்கவும் முடியாது. முடிஞ்ச பெறகு சொல்லிக்கிரலாம்" என்றார். அக்கா என்றால் இவருடைய மூத்த அக்கா, என் மதினி ஈஸ்வரி. மார்க்கையன்கோட்டையில் தோட்டமும் வாழையுமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவார். இவரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, கழுத்துவரை தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு, வாழைத்தார் என்ன விலை போகிறது என்று விசாரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரிப்பேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இது தானாகவே கைவந்துவிடுகிற வித்தை.

2

எங்கள் பக்கத்தில் மூன்று பேராக நின்று போட்டோ எடுக்க மாட்டோம். வாசிக்கிற உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடுத்தால் மூன்றில் ஒருவருக்கு ஆகாது, அதிலும் நடுவில் நிற்கிறவருக்கு ஆகவே ஆகாது. யாருக்கு ஆகாமல் போனது என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் வராது. "அந்தக் கம்பம் ஊருல ஒரு வீட்டுல" என்று ஆரம்பித்து அதோடு நின்றுவிடும். ஆனாலும் எடுக்க மாட்டோம்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ராகு காலம் பார்க்க மாட்டேன். பூனை குறுக்கே போனால் பூனைக்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டு நடப்பேன். இந்த ஒன்றில் மட்டும் என் படிப்பு வேலை செய்ய மறுக்கிறது.

நிவேதாவின் முதல் பிறந்தநாளுக்குத் தேனியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். நானும் இவரும் குழந்தையும் நின்றதும் ஸ்டூடியோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "மூணா வருதே" என்றார். கூட வந்த மதினி யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். மதினி இருந்தால் மதினி, இல்லாவிட்டால் கண்ணில் படுகிற யாராவது. சுருளி அருவியில் ஈரத்துண்டோடு நின்ற ஒருவர். வைகை அணைப் பூங்காவில் கடலை விற்றவர். மேகமலையில் ஒரு எஸ்டேட் வாட்ச்மேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. "மூணு பேரா இருக்கோம்ணே" என்றால் போதும், தலையைச் சீவிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வினை வந்தது. இவர் முதலில் இங்கே வந்துவிட்டார். நானும் குழந்தையும் பின்னால் வர வேண்டும். நாங்கள் ஒரே குடும்பம் என்பதற்குச் சேர்ந்து எடுத்த படங்கள் வேண்டும் என்றார்கள். இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். வெள்ளைக்கார அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய புருவம் மேலே ஏறியது.

"உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?"

"மூன்று பேர்."

"இந்த மனிதர் யார்?" ஈரத்துண்டைத் தொட்டுக் கேட்டார்.

"தெரியாது சார்."

"இவர்?" கடலைக்காரர்.

"அவரையும் தெரியாது."

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த பெண் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கமாம், அப்புறம் சொன்னார். அவர் ஒருமாதிரி சமாளித்து அதிகாரிக்கு விளக்கினார். அதிகாரி என்னை வெகுநேரம் பார்த்தார். இப்படி ஒரு பொய்யை யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, விசா வந்துவிட்டது.

இங்கே வந்த பிறகும் விடவில்லை. கடற்கரையில் ஒரு சைக்கிள்காரர். நிவேதாவின் பட்டமளிப்பில் அவளோடு படித்த யாரோ ஒரு பையனின் அம்மா. அந்த அம்மாள், தான் எதற்கு எங்களோடு நிற்கிறார் என்று தெரியாமலேயே அழகாகச் சிரித்திருக்கிறார்.

3

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆவதற்கு நிவேதா தன் சம்பளத்தில் லிஸ்பனுக்கு டிக்கெட் போட்டாள். போட்டது வியாதி தெரிவதற்கு முன்னால். தெரிந்த பிறகு மருத்துவரிடம் கேட்டாள். மேடு ஏறாமல் இருந்தால் போய்வரலாம் என்றார். மேடே இல்லாத நாட்டு மருத்துவர் அவர். லிஸ்பன் முழுக்க மேடு. போடிமெட்டு மலைமேல் கொண்டுபோய் ஒரு பட்டணத்தைக் கட்டி வைத்த மாதிரி இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் டேப்லெட்டை என் முன்னால் வைத்தாள். "அம்மா, அங்கன ஒரு போட்டோ செஷன் புக் பண்ணப் போறேன். நமக்கு மட்டும், தனியா."

சுற்றிப் பார்க்கப் போகிற ஊரில் அந்த ஊர்ப் போட்டோகிராபர் ஒருவரைக் கொஞ்ச நேரத்துக்குப் பேசி வைத்துக்கொள்வதாம். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. நாம் பாட்டுக்குத் தெருவில் நடக்க, அவர் பின்னாலேயே வந்து எடுப்பாராம். டேப்லெட் நாள் கேட்டது, நேரம் கேட்டது. கடைசியில் எத்தனை பேர் என்று கேட்டது. அவள் மூன்று என்று அமுக்கினாள்.

"நாலுன்னு போடு" என்றேன்.

"நாலாவது யாரு?"

"யாராச்சும் வருவாக."

"இந்தத் தடவ யாரும் வர வேணாம்மா. நாம மட்டும்." சொல்லிவிட்டு முடித்துவிட்டாள்.

இவளுடைய தமிழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுதத் தெரியாது. ஆனால் எங்களிடமும் அத்தையிடமும் மட்டுமே கேட்டு வளர்ந்ததால் பேச்சு அப்படியே மார்க்கையன்கோட்டை. அங்கே இருக்கிற பிள்ளைகளே இப்போது சினிமாத் தமிழ் பேசுகிறார்கள். இவள்தான் இன்னும் வந்தாக, போனாக என்கிறாள். அந்தப் பேச்சிலேயே அவள் மறுக்கும்போது எனக்குப் பதில் சொல்ல வரமாட்டேன் என்கிறது. டச்சில் மறுத்தால் புரியாத மாதிரி இருந்துவிடலாம்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இல்லத்தில் சூப்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். வேறு எந்த வருடமாக இருந்தாலும் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். இவருக்கு நெஞ்சில் கத்தி வைக்கப் போகிற நேரத்தில், தேடிப் போய், ஆளை வரவழைத்து, மூன்று பேராக நிற்பதா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

போட்டோகிராபரின் நம்பர் அந்த டேப்லெட்டில் இருந்தது. நிவேதா குளிக்கப் போன நேரத்தில் என் போனிலிருந்து எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். நாங்கள் மூன்று பேர். எங்கள் ஊர் வழக்கப்படி மூன்று பேர் சேர்ந்து படம் எடுக்கக்கூடாது. தயவுசெய்து ஒரு ஆளை அழைத்து வாருங்கள். யாராக இருந்தாலும் பரவாயில்லை, நல்ல மனிதராக இருந்தால் போதும். என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படமும் ஒரு சிரிப்பும் பதிலாக வந்தன. உதவிக்கு வருகிற ஆள் ஓரமாக ஒரு தோளை நீட்டுவான், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சோறு இறங்கியது.

4

லிஸ்பனில் எங்களுக்கு முதலில் பிடித்தது ஆட்டோ. நம் ஊர் ஆட்டோவேதான், பூப்போட்ட துணியெல்லாம் கட்டி வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் முக்கிக்கொண்டு ஏறுகிறது. "ஏலே, நம்ம ஆட்டோ!" என்று இவர் கைதட்டினார். மேடு ஏற வேண்டாம் என்ற மருத்துவர் வாக்கையும் காப்பாற்றியாகிவிட்டது. தங்கிய இடத்தில் சாவியைக் கேட்டால் அவர்களும் கிட்டத்தட்ட சாவி என்றே சொன்னார்கள். ஜன்னலுக்கும் மேசைக்கும்கூட அவர்கள் மொழியில் கிட்டத்தட்ட நம் வார்த்தைதான். நெதர்லாந்தில் பதினேழு வருடம் இருந்தும் டச்சில் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் போட்டோ. மேட்டின் உச்சியில் ஒரு திடல், கீழே ஓட்டு வீடுகள், அதற்கப்பால் கடல் மாதிரி அகலமான ஆறு. ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே பார்த்துவிட்டேன். கேமராவோடு ஒரு சின்னப் பெண். பக்கத்தில், கோட்டும் டையும் போட்டு, வழவழவென்று சவரம் செய்து, பளபளக்கிற ஷூவோடு எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பெண் தன் பெயர் இனேஸ் என்றாள். பெரியவர் அவளுடைய அப்பா, பெயர் ஜோர்ஜ். அவர் எங்கள் மூவருக்கும் தனித்தனியாகக் கைகொடுத்தார்.

"இவர் எதுக்கு?" என்று நிவேதா இங்கிலீஷில் கேட்டாள்.

"உங்கள் நாலாவது ஆள். அம்மா கேட்டிருந்தார்கள். நல்ல மனிதராக வேண்டும் என்றார்கள். எனக்கு அப்பாவைத்தான் தெரியும்" என்று இனேஸ் சந்தோஷமாகச் சொன்னாள். என் மகளுக்குத் தெரிய வேண்டாம் என்ற கடைசி வரியை அவள் மறந்தே போயிருந்தாள்.

நிவேதா என்னைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவர் வரைக்கும் நடந்து போய் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன்மா இப்பிடி செஞ்ச?" ஆற்றைப் பார்த்தபடியே கேட்டாள். "நம்ம வீட்டுப் போட்டோவுல எல்லாத்துலயும் யாரோ ஒருத்தரு நிக்கிறாக. பேரு தெரியாது, ஊரு தெரியாது. நாம மூணு பேரு மட்டும் இருக்கிற மாதிரி எங்கிட்ட ஒண்ணுகூட இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்."

"எடுத்தா ஏதாச்சும் ஆயிரும்டி. இந்த நேரத்துல போயி..."

"எடுக்காமலேயே ஆயிருச்சேம்மா! அப்பா நெஞ்சுல கதவு சாத்தாமப் போனது எந்தப் போட்டோவால?"

நான் அவள் தோளைத் தொட்டேன்.

"டாக்டர் அன்னிக்குச் சொன்னத நான் முழுசா ஒங்ககிட்டச் சொல்லல. அப்பாவுக்கு சுகர் இருக்கிறதால..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். இத்தனை மாதமாக அந்த மீதியைத் தனியாக வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை தினமும் வேலைக்குப் போயிருக்கிறது, வாராவாரம் என்னிடம் துணி போட்டிருக்கிறது, சிரித்திருக்கிறது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. நான் பயந்ததும் இவள் பயந்ததும் ஒரே விஷயத்துக்குத்தான். நான் படம் வேண்டாம் என்கிறேன், இவள் படம் வேண்டும் என்கிறாள்.

இவரும் ஜோர்ஜும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. ஆனாலும் ஜோர்ஜ் கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுக்க, சர்க்கரை வியாதிக்காரர் அதை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையாட்டினார்.

"ரெண்டு பேரும் இங்கன வாங்க."

போய் நின்றோம்.

"என்ன சண்டை, போட்டோவுக்கா?" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒனக்கு மூணுன்னா பயம். கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து ஒன்னையத் தெரியுமே. எனக்கு மூணு ஒண்ணும் பயமில்ல. எனக்கு ரெண்டுதான் பயம். நீயும் இவளும் மட்டும் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்குமேன்னு நெனச்சாத்தான் படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. அதுக்கு முன்னால மூணா ஒண்ணு எடுத்து வச்சுக்கிருவோம். வா."

வியாதி தெரிந்ததிலிருந்து தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிங்க" என்றேன்.

ஜோர்ஜ் எங்கள் பைகளை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். இனேஸ் எங்களை நிற்க வைத்தாள். இவரை நடுவில் நிறுத்தி, எங்களை ஆளுக்கொரு பக்கம் விட்டாள். கேமராவைத் தூக்கியதும் நான் இவரைத் தள்ளிவிட்டு நடுவில் போய் நின்றேன். "ஏய், தள்ளு" என்று நிவேதா என்னை இழுத்துவிட்டுத் தான் நடுவில் புகுந்தாள். நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். அத்தை சொல்லிக் கேட்டு வளர்ந்தவள்தானே. "ரெண்டும் வெலகுங்க, எம்பொண்டாட்டி பிள்ளைக்கு நடுவுல நான் நிக்கக்கூடாதா?" என்று இவர் எங்கள் இருவரையும் பிரித்துக்கொண்டு வந்தார். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனேஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் ஜோர்ஜையும் கூப்பிட்டு நிறுத்தி ஒன்று எடுத்தோம். அவ்வளவு சிரத்தையாகச் சவரம் செய்துகொண்டு வந்தவரைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை.

5

வீடு திரும்பிய நாலைந்து நாளில் படங்கள் வந்தன. நல்ல வெயிலில், தலை முதல் கால்வரை, தெளிவாக எடுத்திருக்கிறாள். எங்களுக்குப் பிடித்தது தள்ளுமுள்ளுப் படம்தான். மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கிறோம். யார் நடுவில் என்று சொல்ல முடியாது. இவர் வாயைத் திறந்து சிரிக்கிறார், நிவேதா என் கையைப் பிடித்து இழுக்கிறாள், என் கண் மூடியிருக்கிறது.

அதை நிவேதா அத்தைக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பியதை நேற்றுத்தான் சொன்னாள். தேனி ஸ்டூடியோவில் செருப்பைக் கழற்றிப் போட்டு வந்து நின்ற மதினி. எங்கள் கல்யாண ஆல்பத்தையே எண்ணிப் பார்த்து ஒட்டச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டார், இன்றே கூப்பிடுவார் என்று தெரியும். அதற்காகவே சொல்வதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு போர்ச்சுகல்காரர் நின்றார் மதினி, படத்தில் விழவில்லை.

இன்று காலையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். வீடியோ இல்லை, வெறும் குரல்தான்.

"ஏத்தா செல்வி, போட்டோ வந்துச்சு."

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. பக்கத்துலயே ஒருத்தரு நின்னாரு, மூணா எடுக்கணும்னு எடுக்கல..."

"எந்த மூணு? அது கெடக்கட்டும் விடு." அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "என் தம்பி சட்ட ஏன் இப்பிடித் தொளதொளன்னு தொங்குது? தோள்பட்ட எலும்பு துருத்திக்கிட்டு நிக்கிது. நேத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். என்ன செய்யுது அவனுக்கு?"

நான் தயார் செய்து வைத்த பதிலில் இது இல்லை. தினமும் கூடவே இருக்கிற எனக்கு அவர் சட்டை தொளதொளப்பது தெரியவே இல்லை. டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு இவர் என்னையே பார்த்தார். சொல்லாதே என்று கையைக் காட்டினார். நான் சொல்லிவிட்டேன். கதவு, சாத்தாதது, அடுத்த வாரம், எல்லாவற்றையும்.

போன் கட்டாகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

"இம்புட்டு நாளா," என்றார் மதினி, "எங்கிட்டச் சொல்லாம நீக மூணு பேரு மட்டும் வச்சுக்கிட்டு இருந்தீகளாக்கும். நாலாவதா நான் எதுக்குத்தா இருக்கேன்?"

போனை இவரிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்து, "அக்கா" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, மதினியும் பேசவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.